கண்ணாடிப் பெட்டியில் ஒரு கால்

மதுரையில் காசிமாயனுக்குத் தெரியாத ஆட்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். தெரியாத வெளிச்சம் ஒன்றுகூட இல்லை. கீழமாசி வீதியில் எந்த மூட்டை அடுக்கின் மேல் வெயில் முதலில் ஏறும், யானைக்கல்லில் பழவண்டிகளுக்கு நடுவே நிழல் எப்போது இரண்டாகப் பிரியும், திருமங்கலம் பஸ் திரும்பும்போது கிளம்பும் புழுதி எந்த மாதத்தில் அப்படியே நிற்கும், எந்த மாதத்தில் உடனே அடங்கும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். இவ்வளவையும் தெரிந்துவைத்துக்கொண்டு என்னத்தைக் கண்டீர்கள் என்று அவருடைய மனைவி செல்லக்கிளி ஒருநாள் கோபத்தில் கேட்டாள். ஒரு மனுசனுக்கு எமனைக் கூட்டிவந்து வழி காட்டினீர்கள், அதுதான் கண்ட பலன் என்று அவளே பதிலும் சொன்னாள். அவள் சொன்னது முழுக்கச் சரியில்லை. முழுக்கத் தப்பும் இல்லை.

தல்லாகுளத்தில் கோர்ட்டுக்குப் போகிற சாலையில் அவருக்கு ஒரு ஸ்டுடியோ இருந்தது. பேர் கிளி ஸ்டுடியோ. மனைவியின் பேரில் பாதியை எடுத்துப் பலகையில் எழுதிவிட்டார். வாய்தாவுக்கு வருகிறவர்கள், வேலைக்கு மனுப் போடுகிறவர்கள், வக்கீல் குமாஸ்தாக்கள் என்று நாளெல்லாம் முகங்கள் வந்து நாற்காலியில் உட்காரும். தாடையை இறக்குங்கள், கண்ணைச் சிமிட்டாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்துவிட்டது. ஆற்றிலோ கண்மாயிலோ பிணம் ஒதுங்கினால் போலீஸ்காரர்களும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வேலை அவருக்கு அறவே பிடிக்காது. ஆனால் கடை வைத்திருக்கிறவன் போலீசைப் பகைத்துக்கொண்டு எத்தனை நாள் காலம் தள்ள முடியும்? அப்படி ஒரு அவசரப் படத்துக்கு ஓரம் நறுக்கும்போதுதான், கட்டரில் கை பிசகி, வலது ஆட்காட்டி விரலின் நுனி நகத்தோடு போனது. அதற்குப் பிறகு நடுவிரலால் கேமராவை அமுக்கப் பழகிக்கொண்டார்.

அவருடைய உயிர் இருந்த இடம் வேறு. கடை திறப்பதற்கு முன்னால் கிடைக்கிற காலைப்பொழுதில், தோளில் யாஷிகா தொங்க, சைக்கிளில் ஊரைச் சுற்றுவார். வயிற்றருகே வைத்துக்கொண்டு மேலே இருந்து குனிந்து பார்க்கிற கேமரா அது. எதிரே இருப்பவனைக் குறிபார்ப்பது போலத் தெரியாது. அவனுக்குத் தலைகுனிந்து நிற்பது போல இருக்கும். முன்பின் தெரியாதவனைப் படம் பிடிக்கிறவனுக்கு அந்தக் குனிவு வேண்டும் என்பார்.

ஆளைத் தேடி அவர் அலைந்ததில்லை. இடத்தைத்தான் தேடுவார். நல்ல இடம் அமைந்துவிட்டால் ஆள் தானாக வந்து அதில் நிற்பான் என்பது அவர் கணக்கு. முதலில் கேமரா இல்லாமல் போவார். டீ குடிப்பார், பீடிக்கு நெருப்புக் கேட்பார், மணி கேட்பார். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் மணி கேட்பது. மணி கேட்டால் சொல்லாத மனுசன் உலகத்தில் கிடையாது, சொன்னவன் நமக்குக் கொஞ்சம் சொந்தமாகிவிடுகிறான் என்று செல்லக்கிளியிடம் பெருமை பேசுவார். அதற்கப்புறம் ஒருநாள் கேமராவை மூடியோடு கொண்டுபோவார். கடைசியில்தான் வாய்விட்டுக் கேட்பார். கேட்காமல் யாரையும் எடுத்ததில்லை. எடுத்த படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்காமல் விட்டதும் இல்லை. தன்னுடைய இடங்களை மட்டும் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டார். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் எப்படியெல்லாமோ கேட்டுப் பார்த்துச் சலித்துப்போனார்கள்.

எழுபத்துமூன்றாம் வருஷ மார்கழியில் அந்த இடம் கண்ணில் பட்டது. வைகைப் பாலத்தின் வடகரையை ஒட்டிய ஒரு வளைவு. பனிக்குள் சூரியன் எழும்போது, வெளிச்சம் வளைவுக்கடியில் சாய்ந்து நுழைந்து, கல்தூணைத் தொட்டு, மணலில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு மட்டும் விழுந்தது. சுற்றிலும் ஒரே இருட்டு. கொஞ்ச நேரத்தில் அது போய்விடும். அன்றைக்குக் காசிமாயனுக்குக் கடையில் வேலையே ஓடவில்லை.

அந்த வெளிச்சத்தில் ஏற்கெனவே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். நனைத்த கற்றாழை நாரைக் கால்விரல் இடுக்கில் கவ்விக்கொண்டு மாட்டுக்கு மூக்கணாங்கயிறு திரித்துக்கொண்டிருந்தார். முண்டாசு புருவத்தை மறைத்திருந்தது. இடது காலில் கட்டைவிரல் இல்லை. அடுத்த இரண்டு விரல்களும் அந்த வேலையை எடுத்துக்கொண்டு, கயிற்றை இடுக்கி மாதிரிப் பிடித்திருந்தன. காசிமாயனின் கண் அந்தக் காலை விட்டு நகரவில்லை.

மணி கேட்டார். அந்த ஆள் வாயைத் திறக்காமல் சூரியனைக் காட்டினார். நெருப்புக் கேட்டார். முகத்தைத் திருப்பாமல் தீப்பெட்டி வந்து மணலில் விழுந்தது. மறுநாளும் அதே கதை. பாலத்தின் மேல் யாராவது நின்று கீழே எட்டிப் பார்த்தால், அந்த ஆள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவார். இது எதற்கோ பயந்து கிடக்கிறவன் செய்கிற காரியம் என்று காசிமாயனுக்குப் புரியாமல் இல்லை. தொந்தரவு செய்யாமல் திரும்பியிருக்கலாம். ஆனால் அந்த வெளிச்சம் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த ஆள் காசிமாயனின் குறைவிரலைக் கவனித்துவிட்டார். விரல் என்ன ஆயிற்று என்று கேட்டார். கட்டரில் போனதைக் காசிமாயன் சொன்னார். பதிலுக்கு அவர் காலைக் காட்டினார்.

"மாடு மிதிச்சிருச்சு. வேத்து மாடு இல்லண்ணே, நான் வளத்த காளைதான்." அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். "உங்களுக்குக் கையி, எனக்குக் காலு. ரெண்டு பேரையும் சேத்தாத்தான் ஒரு முழு ஆளு தேறும்."

பேர் மருது. அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் ஊர். அங்கே மடைத் தண்ணீர் திருப்புவதில் பங்காளிகளுக்குள் தகராறு வந்து, ஒருத்தனை இன்னொரு கூட்டம் வெட்டிப் போட்டது. வயலில் வேலையாக இருந்தவர்கள் எல்லாரும், நாங்கள் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மருது மட்டும் பார்த்தேன் என்று சொல்லிவிட்டார். சொன்ன அன்றைக்கே ஊரை விட்டு வரவேண்டியதாயிற்று. கோர்ட்டில் ஏறி அதையே இன்னொரு தடவை சொல்கிற நாள் வரும்வரை உயிரோடு இருக்க வேண்டும். இப்போதைக்கு அவருடைய பிழைப்பு அதுதான். ராத்திரி எங்கே படுக்கிறார் என்பதை அவர் சொல்லவில்லை. காசிமாயனும் கேட்கவில்லை.

படம் எடுக்கக் கேட்டபோது மருது வெகுநேரம் கயிற்றையே திரித்துக்கொண்டிருந்தார். பிறகு, "மூஞ்சி வேணாம்ணே" என்றார். "மூஞ்சி தெரியாம எடுக்க முடியும்னா எடுத்துக்கங்க. எனக்கும் ஒண்ணு குடுங்க. இம்புட்டு வயசுக்கு ஒரு படம் எடுத்ததில்ல."

காசிமாயன் குனிந்தார். முகம் வளைவின் இருட்டுக்குள் போயிற்று. முண்டாசின் விளிம்பு, முறுக்கிக்கொண்டிருக்கும் கைகள், நடுவில் அந்தக் கால். கால் மீது வெளிச்சம் முழுசாக விழுந்திருந்தது. அன்று சாயங்காலம் இருட்டறையில் காகிதத்தில் முதலில் தெரிந்ததும் அந்தக் கால்தான். இத்தனை வருஷத்தில் இதுபோல ஒரு படம் அவர் எடுத்ததில்லை. அவருக்கே அது தெரிந்தது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, கடை வாசலில் கண்ணாடிப் பெட்டியில் ஒன்று வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மருது படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். இதில் நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டுவிட்டு, தன் படத்தை முண்டாசுக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டார். வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

செல்லக்கிளிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அவள் நாட்டுப்புறத்துக்காரி. களவுபோன மாட்டைப் புழுதியில் தடம் பார்த்தே ஊர்விட்டு ஊர் போய்ப் பிடித்துவரும் ஆட்களுக்கு நடுவில் வளர்ந்தவள். "எங்க ஊர்ல மூஞ்சியவா பாப்பாக? காலடியப் பாத்தே இன்ன வீட்டு ஆளுன்னு சொல்லிருவாக" என்றாள். காசிமாயன் சிரித்தார். மனுசன் என்றால் முகம். முகம் இல்லாத படத்தை எந்த ஆபீசிலும் வாங்க மாட்டான் என்றார். நாற்காலியில் வந்து உட்கார்ந்த முகங்களாகவே பார்த்துப் பார்த்து, ஒரு மனுசனுக்கு அடையாளம் வேறு இடத்திலும் இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. கோர்ட்டுக்குப் போகிற சாலையில், எல்லா ஊர் ஆட்களும் வந்துபோகிற இடத்தில், படம் பெட்டிக்குள் ஏறியது.

தை நெருங்கியது. ஒருநாள் மத்தியானம், சலவை வேட்டியும் பட்டையாக விபூதியுமாக ஒருவர் பெட்டி முன்னால் நின்றார். வெகுநேரம் நின்றார். உள்ளே வந்து, இந்தப் படம் யார் எடுத்தது என்று பணிவாகக் கேட்டார். என்ன வெளிச்சம், எப்படி அந்தத் தூண் பாதி தெரிந்து பாதி மறைகிறது என்று வியந்தார். காசிமாயன் மனசில் நினைத்து வைத்திருந்ததை எல்லாம் அந்த ஆள் வாயால் சொன்னார். இதுவரை ஒருத்தரும் தூணைப் பற்றிப் பேசியதில்லை. காசிமாயன் உச்சி குளிர்ந்துபோனார்.

வந்தவர், தனக்கு ஆள் வேண்டாம், இடம்தான் வேண்டும் என்றார். வீட்டில் ஒரு காளை இருக்கிறது, பொங்கலுக்கு வாடிவாசலில் இறங்கப்போகிறது, அதை இப்படி ஒரு வெளிச்சத்தில் நிறுத்திப் படம் எடுத்து வீட்டில் மாட்ட ஆசை. அந்த வளைவுக்குள் மாடு நிற்க இடம் காணுமா? வெயில் எப்போது வரும்? இத்தனை வருஷமாக எவனுக்கும் சொல்லாத இடத்தைக் காசிமாயன் சந்தோஷமாகச் சொன்னார். எந்தக் கரை, எத்தனையாவது வளைவு, எந்த வழியாக மாட்டை இறக்கலாம் என்று காகிதத்தில் வரைந்தே காட்டினார். வெயில் விழுவதற்கு முன்பே கயிற்றுக்காரர் வந்து நாரை நனைத்துக்கொண்டிருப்பார், நல்ல மனுசன், ஒதுங்கிக்கொள்வார் என்றும் சேர்த்துச் சொன்னார். மாட்டைப் பார்த்து மிரளாமல் இருந்தால் சரி என்று தானாகவே ஒரு கவலையும் பட்டுக்கொண்டார்.

வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தார். "அவன் எங்கண்ணே மிரளப்போறான். மாடு மிதிச்ச காலுதான அது. வெள்ளிக்கிழமை காலையில மாட்டோட வாரேன்."

போய்விட்டார். காசிமாயன் நாற்காலித் துணியை உதறிப் போட்டார். யாரோ பெரியவருக்குத் தாடையை இறக்கச் சொன்னார். விளக்கை அணைத்து இருட்டறைக்குள் போய், காகிதத்தை மருந்துத் தண்ணீரில் போட்டார். பெரியவரின் முகம் மெல்ல மேலே வந்துகொண்டிருக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. படத்தில் விரல் இல்லாத கால் இருக்கிறது. மாடு மிதித்தது என்று படத்தில் எங்கே இருக்கிறது?

காகிதம் மருந்திலேயே கிடந்து கறுத்துப் போயிற்று. கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டுச் சைக்கிளை மிதித்தார். வளைவுக்கடியில் யாரும் இல்லை. ஈர நார் துணுக்குகள் மணலில் ஒட்டியிருந்தன. துணி வெளுப்பவர்களைக் கேட்டார், ஆற்றுக்குள் மாடு கழுவுபவர்களைக் கேட்டார், யானைக்கல் சுமைதூக்கிகளைக் கேட்டார். அந்த ஆள் எங்கே தங்குகிறார் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. யாருக்கும் தெரியக்கூடாது என்றுதானே மருது அப்படி இருந்தார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது, விடிந்ததும் வந்து சொல்லிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு வீடு திரும்பினார். கொலைகாரன் சொன்ன நாளை நம்பி ஒரு மனுசன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டான் என்றால், அவ்வளவு நல்லவனை என்ன சொல்லித் திட்டுவது?

விடியும் முன்பே கிளம்பினார். பழக்கதோஷம், கேமரா தோளில் இருந்தது. பனி மூட்டத்தில் பாலம் தெரியவில்லை. பாலத்தின் மேல் நின்ற ஆட்களின் முணுமுணுப்புத்தான் முதலில் கேட்டது. சைக்கிளைக் கரையில் சாய்த்துவிட்டு இறங்கினார். வளைவுக்கடியில் போலீஸ்காரர்கள் நின்றார்கள். அவரைத் தெரிந்த இன்ஸ்பெக்டர், ஆள் அனுப்ப இருந்தேன், நீயே வந்துவிட்டாயா, நல்லதாயிற்று, எடு என்றார். துணியை விலக்க ஒரு கான்ஸ்டபிள் குனிந்தார். விலக்க வேண்டியிருக்கவில்லை. துணிக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருந்தது. விரல் இடுக்கில் கயிறு இன்னும் இருந்தது.

சூரியன் எழுந்து, வெளிச்சம் வழக்கம்போல வளைவுக்குள் வந்து, அந்த இடத்தில் சரியாக விழுந்தது. காசிமாயன் கேமராவை வயிற்றில் வைத்துக் குனிந்தார். கண்ணாடியில் விழுந்த பிம்பம் ஆடிக்கொண்டே இருந்தது, அழுதுகொண்டே எடுத்தார். முண்டாசை அவிழ்த்தபோது, நாலாக மடிந்த படம் ஒன்று விழுந்தது. அதில் முகம் இல்லாததால் இன்ஸ்பெக்டருக்கு அது உபயோகப்படவில்லை. ஆள் யார் என்று தெரியுமா என்று சுற்றி நின்றவர்களைக் கேட்டார். எல்லாரும் தெரியாது என்றார்கள்.

தெரியாது என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று காசிமாயனுக்கு அப்போது புரிந்தது. வீட்டில் செல்லக்கிளி இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள். மேலே பாலத்தில் யார் யார் நிற்கிறார்களோ தெரியாது. தெரியும் என்று சொன்ன ஒருவன் காலடியில் கிடக்கிறான்.

"எனக்குத் தெரியும் சார்" என்றார். "வெட்டுனவன் மொகமும் தெரியும்."

வழக்கு நடந்தது. சாட்சி இல்லாமல் மடைத் தகராறு வழக்கு படுத்துவிட்டது. மருதுவின் கொலை வழக்கு மட்டும் நிலைத்து நின்றது. கடைக்கு வந்து தூணை மெச்சிவிட்டுப் போன ஆள் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறானா, நின்றால் அடையாளம் காட்டுங்கள் என்று கேட்டார்கள். காசிமாயன் கையை நீட்டினார். நுனி இல்லாத அந்த விரல் நேராக மொக்கைச்சாமி என்பவனைக் காட்டியது. கோர்ட்டில் இருந்தவர்கள் எல்லாரும் மொக்கைச்சாமியைப் பார்த்தார்கள். பின்வரிசையில் இருந்த அவனுடைய தம்பிமார் மட்டும் விரலைப் பார்த்தார்கள். வராந்தாவில் அவர்களில் ஒருவன் அருகே வந்து, சத்தம் போடாமல், மரியாதையாகத்தான் பேசினான்.

"மொகம் மறந்தாலும் மறந்துரும்ணே. விரல மறக்க மாட்டோம்."

மொக்கைச்சாமிக்கு ஆயுள் தண்டனை ஆயிற்று. கிளி ஸ்டுடியோ மூடப்பட்டது. திருமங்கலத்தில் செல்லக்கிளியின் அண்ணன் வீட்டருகே குடிபோய், சாமி படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போடுகிற கடை வைத்தார் காசிமாயன். கேமராவைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டார். கடையில் வலதுகையில் எப்போதும் ஒரு துண்டு சுற்றியிருக்கும். கண்ணாடி கீறிவிட்டது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்வார். கோயில் விசேஷத்தில் எவனாவது கேமராவைத் தூக்கினால் போதும், மனுசன் கூட்டத்துக்குள் காணாமல் போய்விடுவார். வருஷங்கள் ஓடின. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத நாளும் அவருக்கு நிம்மதியாகப் போனதில்லை.

எண்பத்தாறில் மகள் ஜெயக்கொடிக்குக் கல்யாணம். படம் எடுக்க வந்தவன் திருமங்கலத்தில் புதிதாக ஸ்டுடியோ போட்டிருந்த இளவட்டம். பெண்ணின் அப்பாவை மட்டும் அவனால் பிடிக்க முடியவில்லை. தூணுக்குப் பின்னால் நின்றவரிடம் மெதுவாக வந்து, அய்யா, மணி என்ன ஆயிற்று என்று கேட்டான். அவன் சட்டைப்பைக்குள் கடிகாரத்தின் வார் தெரிந்தது. காசிமாயனுக்கு எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு மனசு விட்டுச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் அசந்துவிட்டார். மகளும் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கென்று ஒரே ஒரு படம் என்றாள்.

"மூஞ்சி வேணாம்த்தா" என்றார்.

முகம் தெரியாமல் எடுத்தான். மாலையோடு குனிந்திருக்கும் பெண், அவள் தலைக்கு மேல் ஆசீர்வாதம் செய்கிற ஒரு கை, அவ்வளவுதான். துண்டை அவிழ்த்துவிட்டுத்தான் மகள் தலையில் கை வைத்தார். துண்டு சுற்றிய கையால் எந்தத் தகப்பன் ஆசீர்வாதம் பண்ணுவான்?

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கண்ணாடி வாங்கப் போனார். அந்தப் பையனுடைய ஸ்டுடியோ வாசலில் கண்ணாடிப் பெட்டி புத்தம் புதிதாக இருந்தது. நடுவில் பெரிதாக்கி வைத்திருந்த படம் சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்தே தெரிந்தது. நல்ல படம். வெளிச்சம் கை மீது முழுசாக விழுந்திருந்தது. அதன் முன்னால், தோளில் துண்டு போட்ட ஒருவர் வெகுநேரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரோ வழிப்போக்கராக இருக்கலாம். பஸ்ஸுக்கு நிற்கிறவராக இருக்கலாம். இப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று காசிமாயன் யோசித்தார். போனால் இனி ஒவ்வொரு ராத்திரியும் அந்த முதுகுதான் கண்ணில் நிற்கும். தெரியாத ஆளிடம் போய்ப் பேச அவருக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்தார். பக்கத்தில் போய் நின்றார்.

"அண்ணே, மணி என்னாச்சு?"

அந்த ஆள் திரும்பினார். முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். பிறகு பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்தார். மறுபடியும் கையைப் பார்த்தார்.

மணி சொல்லவில்லை.